இருக்கேன்டா, இரு

நாலு மணிக்குக் கூப்பிட்டான், நாலு இரண்டுக்குப் பதில் வந்தது: இருக்கேன்டா, இரு. நாலு ஐந்துக்கு மறுபடி கேட்டான், நாலு ஏழுக்கு அதே பதில். இப்போது நாலு பன்னிரண்டு, அதே வரி மூன்றாவது தடவையாகப் பழைய டி.வி. திரையில் ஏறி நிற்கிறது, நீலத்தில் வெள்ளை எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்த தமிழ், ஏனென்றால் அந்தக் கணினி பிறந்த காலத்தில் அதற்குத் தமிழும் தெரியாது சின்ன எழுத்தும் தெரியாது. கோதண்டம் கட்டைவிரலை நீள விசையின் மேல் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற ஆள், வயது அறுபத்து மூன்று, பெண்சாதி நாலு தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது, இந்த ஒரு வரிக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அம்பத்தூரில் அவன் வீட்டு உள்ளறையில் ஒரு கணினி, தாம்பரத்தில், எக்சேஞ்சில் கூடவே வேலை பார்த்த சிநேகிதன் எப்ரேமின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. எண்பத்தாறில் எப்ரேமின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜோடி. விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிய தடியான, பழுப்பேறிய ஜாதி, இன்றைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு படம்கூட அதன் நினைவகத்தில் கொள்ளாது. அதன் முதுகில் ஒரு சோப்பு டப்பா. டப்பாவுக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு வைஃபை பலகை, கோதண்டம் தன் கையால் பற்றவைத்தது. இன்டர்நெட் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் கிழத்துக்குத் தெரியாது, டெலிபோனில் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது, நம்பட்டும், சோப்பு டப்பா அதன் காதில் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். பொய் சொல்லத்தானே அதைக் கட்டினான்.

வந்த வரியை அடித்தது எப்ரேமா, எப்ரேமின் கணினியா, அது ஒன்றுதான் கேள்வி. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் எப்ரேம் முதல் எழுத்தை அடிக்கவே பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டான், விரல்கள் அவ்வளவுதான் ஒத்துழைத்தன, இங்கே கோதண்டம் ஆள் தூங்கிவிட்டான் என்று நினைத்து இணைப்பை வெட்டிவிட்டான், மறுநாள் எப்ரேம் கோபத்தில் பேசவே இல்லை. அதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு வரி நிரல். எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது வந்து இரண்டு நிமிடம் இந்தப் பக்கம் யாரும் விசையைத் தொடாவிட்டால் கணினி தானே பதில் சொல்லும். என்ன பதில் என்று எப்ரேமையே கேட்டான். எப்ரேம் யோசிக்கவே இல்லை. எக்சேஞ்சில் வேலை பார்த்தபோது கோதண்டம் தெருமுனைப் பெட்டியைத் திறந்து கம்பியில் சோதனைப் போனைச் சொருகி இருக்கியாடா என்பான், எக்சேஞ்சுக்குள்ளே கம்பி கட்டிய இரும்புச் சட்டங்களுக்கு நடுவிலிருந்து எப்ரேமின் குரல் வரும், இருக்கேன்டா, இரு. அந்தக் குரலுக்காகவே சில நாள் வேலை இல்லாத கம்பியிலும் சொருகிப் பார்த்திருக்கிறான். அதையே வைத்துக்கொண்டார்கள், இரண்டு பக்கமும், ஒரே நிரல், ஒரே வரி. அப்போது அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. இப்போது எச்சில் விழுங்கினான், தொண்டையின் இடதுபக்கம் எதுவோ இடறியது, மறுபடி விழுங்கினான், மறுபடி இடறியது. விழுங்கக் கூடாது என்று நினைத்ததும் வாயெல்லாம் எச்சில்.

மேஜை இழுப்பறையில் கைபேசி இருக்கிறது. சத்தத்தை அணைத்து, ஒயர் சுருள்களுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறான். காலை ஏழரைக்கு ரூபியின் அழைப்பு, ஏழு முப்பத்தைந்துக்கு ஒன்று, ஒன்பது மணிக்கு ஒன்று. ரூபி எப்ரேமின் மனைவி. அவள் போன் பண்ணுகிற ஆளே அல்ல. வைஃபை கடவுச்சொல் மாறியிருக்கும், அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள். கடவுச்சொல்லுக்கு ஏழரை மணிக்கா கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள், அவள் சீக்கிரம் எழுந்திருக்கிறவள், டீச்சர் வேலை பார்த்தவள். கடவுச்சொல் மாறியிருந்தால் இப்போது இணைப்பு கிடைத்திருக்காதே. கிடைத்திருக்கிறது. அப்படியானால் கடவுச்சொல் அல்ல. கழுத்துக் குழாய் அடைத்திருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று கேட்டிருப்பாள், தாம்பரத்தில் இல்லாத ஆளா, சர்ச்சிலிருந்து வருவார்கள், நல்ல ஜனங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் கட்டில் காலி, அப்போதும் இந்தக் கணினி இதையேதான் சொல்லும். ஆக, ஆஸ்பத்திரியாக இருக்கலாம். ஆஸ்பத்திரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான், ஆஸ்பத்திரிக்காக வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அடுத்த நொடி வெட்கப்பட்டான். வாட்சப்பில் ரூபியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ஒன்று என்று எண் இருந்தது. அதைத் திறக்காமல்தான் கவிழ்த்தான். திறந்து பார்க்காதவரை அது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா.

கட்டைவிரல் நீள விசையைத் தட்டியது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தட்டு. தட்டாவிட்டால் இந்தப் பக்கத்துக் கணினி கோதண்டத்தின் பெயரால் பதில் சொல்லிவிடும். தட்டிக்கொண்டே நினைத்தான், அங்கே இப்போது பீப் அடித்திருக்குமா. இங்கிருந்து எது போனாலும் அங்கே பீப் என்று சத்தம் வரும்படி அவன்தான் வைத்தான், எப்ரேம் கண்ணயர்ந்திருந்தால் எழுப்ப வேண்டுமே என்று நன்றாக உரக்க வைத்தான். எக்சேஞ்சில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள், ஒருவர் வீட்டுக்குப் போன் பண்ணும்போது நம் காதில் கேட்கிற மணி அந்த வீட்டில் அடிக்கிற மணி அல்ல. அது எக்சேஞ்ச் தயாரித்து நம் காதில் ஊற்றுகிற சத்தம், கூப்பிடுகிறவன் பொறுமையாக இருக்கட்டும் என்பதற்காக. அந்த வீட்டில் போன் உடைந்து கிடக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், நமக்கு மட்டும் டிரிங் டிரிங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் வந்து கவுண்டரில் சத்தம் போட்டிருக்கிறார்கள், மணி அடிக்குது சார், எடுக்க மாட்டேங்கிறாங்க, வேணும்னே பண்றாங்க என்று. கோதண்டம் அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறான். இதையெல்லாம் தெரிந்த ஆள்தான் அந்தப் பன்னிரண்டு வரியை எழுதினான்.

போயிருக்கலாம். ரயிலேறி சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம், ஒன்றரை மணி நேரம், முதியோருக்கு உட்கார இடம்கூடக் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு தடவை போனான். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஆப்பரேஷன் முடிந்து எப்ரேம் வீட்டுக்கு வந்த பிறகு. குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள், கழுத்தில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு வெள்ளைக் குழாய். எப்ரேம் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்து, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து பேசினான். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கழுத்திலிருந்து விசில் வந்தது. ஏற்ற இறக்கத்தோடு, சொல் சொல்லாகப் பிரிந்து, டேய் என்கிற மாதிரியே தொடங்கிய விசில். கோதண்டத்துக்கு அந்தச் சத்தம் தெரியும். எண்பத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு கணினிகளையும் டெலிபோன் கம்பியில் பேசவைக்கப் பார்த்தார்கள், ரிசீவரை ரப்பர் வளையத்துக்குள் கவிழ்த்து, கம்பி முழுக்க அந்த மாதிரி விசில், மூன்று மணி நேர விசிலுக்குப் பிறகு மூன்றே மூன்று ஆங்கில எழுத்து ஒழுங்காக வந்து சேர்ந்தது, டேய் என்று. எப்ரேம் மேஜைமேல் ஏறிக் குதித்தான். அதே விசில்தான். கோதண்டம் சிரித்தபடியே எழுந்து, பாத்ரூம் எங்கம்மா என்று ரூபியிடம் கேட்டு, பாத்ரூமுக்குப் போகாமல் வாசலுக்குப் போய் குரோட்டன்ஸ் செடிக்குள் வாந்தியெடுத்தான். நிமிர்ந்தபோது ரூபி சொம்பில் தண்ணீரோடு நின்றிருந்தாள். "பரவால்லண்ணே. மொதல்ல எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு. அவருகிட்ட சொல்ல மாட்டேன்." சொம்பை வாங்கிக்கொண்டான். உள்ளே திரும்பிப் போகவில்லை. ரயிலுக்கு நேரமாச்சும்மா என்றான், தாம்பரத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பது அவளுக்குத் தெரியாதா. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் சோப்பு டப்பாவை வாங்கினான். பேச முடியாதவனுக்குப் போன் எதற்கு, காய்ந்துபோன விரலைத் தொடுதிரை மதிக்க மாட்டேன் என்கிறது, பழைய கணினியின் தடித்த விசைகள்தான் அவனுக்குச் சரி என்று பெண்சாதி திலகாவிடம் விளக்கினான். எல்லாம் உண்மைதான். இரண்டு டப்பாவில் ஒன்றைக் கூரியரில் அனுப்பினான், எந்த ஓட்டையில் எதைச் சொருக வேண்டும் என்று ரூபிக்குப் படம் போட்டு, அம்புக்குறி இட்டு, நேரில் போக வேண்டிய அவசியமே வராதபடி அவ்வளவு சுத்தமாக. சிகரெட்டை மட்டும் ஒன்றைப் பற்றவைத்து இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள், இருபத்தைந்து வருஷம். அதே புகைதானே இங்கேயும் போனது. விழுங்கினான். இடதுபக்கம்.

திலகா டீயோடு வந்தாள். அவள் இந்த அறைக்குள் வந்தால் ஒயரை மிதிக்காமல் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். "என்ன சொல்றாரு எப்ரேம் அண்ணன்?" திரையைப் பார்க்காமலே கேட்டாள். கோதண்டம் திரையைப் பார்த்தான். "இருக்கான்" என்றான். "இருக்காரு, சரி. சாப்ட்டாராமா? இன்னிக்கு என்னவோ நீங்க ஒரு மாதிரி இருக்கீங்க." ஒன்றும் இல்லை என்றான். அவள் டம்ளரை டி.வி. பக்கத்தில் வைத்தாள், அங்கே வைக்காதே என்று நூறு தடவை சொல்லியாயிற்று, இன்று சொல்லவில்லை, சொல்லாததையும் அவள் கவனித்திருப்பாள். "ஒரு நடை போய்ட்டு வந்துருங்களேன். டைப் அடிச்சா பாத்த மாதிரி ஆகுமா? நானும் வர்றேன், ரூபிய நான் சரியா பாத்ததே இல்ல, அவ நம்பர்கூட எங்கிட்ட கெடையாது." வியாழக்கிழமை போகலாம் என்றான். எந்த வியாழக்கிழமை என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே தெருவில் பழைய இரும்பு வாங்குகிற மூன்று சக்கர வண்டி போனது, பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக், பழைய லேப்டாப் வாங்குறது என்று பதிவு செய்த குரல், ஓட்டுகிறவன் வாயை மூடிக்கொண்டுதான் போவான், அந்தக் குரல்காரன் எங்கே இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ. திலகா போன பிறகும் வண்டியின் குரல் இரண்டு தெரு தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தது.

நேற்றைப் பார்க்கலாம் என்று தோன்றியது. நேற்றுப் பேசியதெல்லாம் சோப்பு டப்பாவுக்குள் இருக்கிற நினைவு அட்டையில் சேமித்திருக்கும். பார்க்கக் கூடாது என்றும் தோன்றியது, கை அதற்குள் விசையை அழுத்திவிட்டது. வரிகள் மேலேறின. நேற்று நாலரைக்கு அவன் எழுந்துபோய்ச் சாய்வு நாற்காலியில் கொஞ்சம் கண் அசந்தான், அந்த முக்கால் மணி நேரத்தைத் திரை ஒன்றுவிடாமல் வைத்திருந்தது. எப்ரேமின் பக்கத்திலிருந்து இருக்கேன்டா, இரு. இவன் பக்கத்திலிருந்து இருக்கேன்டா, இரு. மறுபடி அங்கிருந்து. மறுபடி இங்கிருந்து. இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தன, பதினோரு தடவை, இரண்டு நிமிட இடைவெளி பிசகாமல். நேற்று விழித்து வந்து இதைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தான், நிரலில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறதே, நாளைக்கு எப்ரேமிடம் சொல்ல வேண்டும், சிரிப்பான் என்று நினைத்தான். இப்போது அதே வரிகளில் எப்ரேம் தன் கையால் அடித்தது எது என்று தேடினான். கண்டுபிடிப்பது சுலபம். எப்ரேம் எதை அடித்தாலும் டேய் என்றுதான் தொடங்குவான், அந்த எண்பத்தேழாம் வருஷத்து மூன்று எழுத்து. கடைசி டேய் நாலு இருபத்தாறுக்கு இருந்தது. டேய், எப்ப வர்ற. அவ்வளவுதான். அதற்குக் கீழே இவன் பதில். நாலு இருபத்தெட்டு, இருக்கேன்டா, இரு. கோதண்டம் அதை அடிக்கவில்லை. அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான், கணினி சொல்லட்டும் என்று. சொன்னதும் எழுந்துபோய்ப் படுத்தான். தூக்கம்கூட வந்தது, அதுதான் அசிங்கம். எப்ரேம் அதைப் படித்திருப்பான். அது கணினியின் வரி என்று அவனுக்குத் தெரியாதா, அந்தப் பக்கத்தில் நிரலை ஒவ்வொரு வரியாகத் தன் விரலால் அடித்து ஏற்றியவனே அவன்தானே. தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு அவன் மறுபடி டேய் என்று அடிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் எப்ரேம் அவனிடம் கேட்ட கேள்விகளை எண்ணினால் பத்து தேறாது, பெருமைக்காரன், கேட்க மாட்டான், இதைக் கேட்டான்.

ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிடம். இப்போதே கிளம்பினால் ஆறரைக்குப் போய்விடலாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வரி அனுப்பிவிடலாம், வர்றேன் என்று, அனுப்பிவிட்டால் பிறகு போகாமல் இருக்க முடியாது, அதற்காகவே அனுப்பலாம். திரையை நடப்புக்குக் கொண்டுவந்தான். விரல் முதல் எழுத்தைத் தேடிப் போனது. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு எழுத்து வந்தது. கணினியின் வரி என்றால் ஒரே மூச்சில் கொட்டும், இது ஒற்றை எழுத்து, கை அடித்த எழுத்து, ஆள் இருக்கிறது! டேய் பாவி, பயமுறுத்திட்டியே என்று வாய்விட்டுச் சொன்னான். பிறகுதான் எழுத்தைப் பார்த்தான். டி இல்லை. ஏ. ஆங்கிலத்தின் முதல் எழுத்து. விரல் தவறியிருக்கும், கை நடுங்குகிறவன்தானே, தவறும். எப்ரேமுக்கு டி தவறாது. அடுத்த எழுத்துக்கு வெகுநேரம் ஆயிற்று, விசை எங்கே என்று தேடித் தேடி அடிக்கிற நேரம். என். இன்னொரு என். மூன்றாவது எழுத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, நான்காவது வராமல் இருக்கட்டும், அங்கேயே நிற்கட்டும், கரண்ட் போகட்டும் என்று கெஞ்சினான். நான்காவதும் வந்தது. அண்ணே. எப்ரேம் தன் வாழ்நாளில் யாரையும் அண்ணே என்று கூப்பிட்டவன் அல்ல. அந்த வீட்டில் கோதண்டத்தை அண்ணே என்பது ஒரே ஒரு ஆள்.

கைகள் விசைப்பலகையிலிருந்து எழுந்து மடிக்கு வந்தன. அவன் எடுக்கவில்லை, அவை வந்தன. இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும், அவன் வைத்த அளவுதானே அது, இருந்தும் அது முடிவதற்குள் என்னென்னவோ அடிக்கலாம் என்று நினைத்தான், என்னம்மா என்று, ரூபி என்று, இதோ கிளம்பிட்டேன் என்று. பீப் சத்தம் கேட்டுத்தான் அவள் அந்த அறைக்கு வந்திருப்பாள், நாலு மணியிலிருந்து, வீடு முழுக்க ஜனம் இருக்கிற வீட்டில், ஜெபத்துக்கு நடுவில், இவன் அனுப்பிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு பீப். திரை அசைந்தது. இந்தப் பக்கத்திலிருந்து வரி போயிற்று, இருக்கேன்டா, இரு. கோதண்டம் அதைத் தடுப்பது போலக் கையை நீட்டினான். அங்கே அவள் அதைப் படிப்பதும் அடுத்த விசையைத் தேடுவதும் அவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது. எழுத்து எழுத்தாக வந்தது, இடையில் ஒரு தடவை தப்பாக அடித்து அழித்து மறுபடி அடித்தாள். அவரு இல்லண்ணே. நான் ரூபி. காலைல ஏழு மணிக்கு. போன் பண்ணேன் நீங்க எடுக்கல. இதை எழுதி முடிக்க அவளுக்கு ஆறு நிமிடம் ஆயிற்று, முழுவதையும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மேஜை இழுப்பறையைத் திறந்தால் கைபேசி, ஒரு பொத்தான், அவள் குரல் வரும். திறக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்துக் கணினி அவனுக்காக மறுபடி சொன்னது, இருக்கேன்டா, இரு. அந்த வரியைச் செத்தவனுக்கு அவன் சொல்கிற ஆறுதல் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அல்லது தன்னைத்தான் இருக்கச் சொல்கிறான் என்று. எழுத்துகள் மறுபடி வரத் தொடங்கின, இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக, பழகிவிட்டது அவளுக்கு. சரிண்ணே இருக்கோம். ஆறு மணிக்கு எடுக்கணும்னாங்க. நீங்க வர்ற வரைக்கும் பெட்டிய மூட வேணாம்னு சொல்லிட்டேன்.

கூடத்திலிருந்து திலகா கேட்டாள். "என்னங்க சொல்றாரு?" கோதண்டம் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை, தொண்டையில் காற்று மட்டும் போயிற்று. "ஏங்க, உங்களத்தான்." அவள் எழுந்து வருகிற சத்தம் கேட்டது, ஒயருக்குக் காலைத் தூக்கி வைக்கிற சத்தம். கை மடியிலேயே கிடந்தது. திரையில் அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கிற சதுரம் மினுக்கிக்கொண்டிருந்தது, ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம், பிறகு அந்த வரி தாம்பரத்துக்குப் போயிற்று.